வாசனைச் சவுக்காரமும் ஒரு சின்ன எஞ்சினும்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பெற்றேன், ஆறு வளர்த்தேன். ஆறாவது என் பேத்தி ஹஸ்னா. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். கொப்பியில் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிடுகிறது. ஆறட்டும். அவசரப்பட்டு நான் எதையும் கெடுத்ததில்லை. கெடுத்தது ஒன்றுதான், அதையும் ஆறுதலாகத்தான் கெடுத்தேன்.

போன கிழமை ஹஸ்னா ஒலுவில் ஊரில் படிக்கிற கெம்பஸிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். முடி கொட்டுகிறதாம். ஆமணக்கெண்ணெயை கேஸ் அடுப்பில் வைத்துவிட்டு போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எண்ணெய் கருகிப் போயிற்று. அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு அடுப்படி மறந்துவிட்டது.

ஆமணக்கெண்ணெய் என்றால் எங்கள் காலத்தில் பேதிக்குக் குடிப்பது. மூக்கைப் பிடித்து ஊற்றுவார்கள். பிள்ளை பெற்ற பிறகும் தந்தார்கள். அதே எண்ணெயைக் குடித்து ஒரு எஞ்சின் ஓடும் என்று என் மூன்றாவது மகன் றியாஸ் சொன்னபோது நான் நம்பவில்லை.

“அதுக்கும் வயிறு கழுவுறயா மனெ?” என்று கேட்டேன்.

“இல்ல உம்மா, ஸ்பிரிட்டோட கலந்து குடுத்தா ஆகாயத்துக்கு ஏறும்.”

றியாஸ் சவூதியில் வேலை செய்தான். லீவில் வந்தபோது சூட்கேசில் ஒரு விளையாட்டுப் பிளேன் கொண்டு வந்தான். அதன் எஞ்சின் என் உள்ளங்கைக்குள் அடங்கும். இரண்டு மெல்லிய கம்பிகளைப் பிடித்துக்கொண்டு அவன் கடற்கரையில் சுழல, அது அவனைச் சுற்றி வட்டமடிக்கும். கருகிய எண்ணெய் மணம் மீன் வாடி நாற்றத்தையும் மிஞ்சி அடித்தது. லீவு முடிய மூன்று நாள் இருக்க, வலை காயப்போட்டிருந்த கம்பில் போய் மோதியது. பிளேன் ஈர்க்கு ஈர்க்காகப் போனது. எஞ்சினைப் பலகையில் பூட்டுகிற காது ஒன்று முறிந்துவிட்டது.

“ஒங்கட கையில தந்திட்டுப் போறன் உம்மா. அடுத்த லீவுக்கு ஓட விடணும்.”

“போய் வா மனெ. உழவு மெசின்ட வாயையே ஒட்டினவளுக்கு இது ஒரு பாக்குக்கொட்ட.”

சும்மா சொன்ன வார்த்தை இல்லை. என் மனிசனுக்கு வீட்டோடு ஒரு பட்டறை இருந்தது. தோணிக்காரர்களின் எஞ்சின் மூடி, மாவடிப்பள்ளி வயல்காரர்களின் தண்ணிப் பம்பு, வெடித்த அலுமினிய வார்ப்பு எதுவானாலும் எங்களிடம்தான் வரும். அவர் நெருப்புச் சீறுகிற லாம்பைப் பிடிப்பார், சூட்டைப் பார்ப்பது நான். இரும்பு சூடேறினால் சிவந்து சொல்லும். அலுமினியம் வாய் திறக்காது. அப்படியே வெள்ளையாக இருந்து, ஒரு கணத்தில் உருகிக் கீழே விழும். அதனால் உடைந்த இடத்துக்குப் பக்கத்தில் உடுப்புத் தோய்க்கிற சவுக்காரக் கட்டியால் ஒரு கோடு இழுப்போம். கோடு மண்ணிறமாகி, சிரட்டைபோலக் கறுக்கும். கறுத்த அந்தக் கணம் ஒட்டுக்கம்பியை வைக்கவேண்டும். அந்தக் கணத்தைச் சொல்ல என்னைவிட ஆளில்லை என்று அவரே நாலு பேருக்கு முன்னால் சொல்லியிருக்கிறார்.

றியாஸ் போய்ப் பத்தாம் நாள் எஞ்சினை எடுத்தேன். இதை நானே தனியாக ஒட்டுவேன் என்று மனிசனிடமிருந்து லாம்பையும் வாங்கிக்கொண்டேன். வார்ப்புக்குள் ஊறிய எண்ணெயைப் பெற்றோலில் போட்டுக் கழுவிக் காயவைத்தேன். அடுத்த வீட்டு ஜெமீலா ராத்தா வந்து குந்தினாள்.

“என்ன புள்ள, வெளயாட்டுச் சாமான் ஒட்டப் போறயா?”

“வெளயாட்டுச் சாமான் இல்ல ராத்தா. ஆகாயத்துல போற எஞ்சின்.”

“அப்ப ஒன்ட மகன் நம்மள இதுலதான் ஹஜ்ஜுக்கு ஏத்திட்டுப் போவான்.”

எனக்குச் சுருக்கென்றது. தோய்க்கிற கட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. நான் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, சாறிக்கு நடுவில் வைத்திருந்த சவூதிச் சவுக்காரத்தை எடுத்து வந்தேன். பொன் நிறத் தாளில் சுற்றியது. மகன் கொண்டு வந்தது. வெளிநாட்டு எஞ்சினுக்கு வெளிநாட்டுச் சவுக்காரம். ராத்தா பார்க்கட்டும் என்றுதான்.

அதால் கோடு இழுத்து லாம்பைப் பிடித்ததும் வாசம் எழும்பியது. ராத்தா கண்ணை மூடி உறிஞ்சினாள். கோடு தேன் நிறத்துக்கு வந்து, அங்கேயே நின்றது. தோய்க்கிற கட்டிபோல அது கறுக்காது என்று தெரியாமல், கறுக்கட்டும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பேருக்கு முன்னால் புகழப்பட்ட கண்ணல்லவா. வட்டிலப்பம் சரிவதுபோல எஞ்சினின் வயிறு மெதுவாகச் சரிந்தது. காது எது, வயிறு எது என்று தெரியாத ஒரு கட்டி.

மனிசன் வந்து லாம்பை அணைத்தார். ஏசவில்லை.

“மகனுக்கிட்டச் சொல்லிடு.”

சொல்லத்தான் போனேன். கொம்யூனிகேசன் கடையில் போனை எடுத்ததும் அவனே முந்திக்கொண்டான்.

“உம்மா, இங்க கம்பெனில உள்ள வெல்டர்மாருக்கு அத ஒட்ட ஏலாதாம். என்ட உம்மாக்கு ஏலும் எண்டு சொல்லிட்டன். காது ஒட்டிப் பிடிச்சிட்டா?”

“பிடிச்சிட்டு மனெ.”

மறுநாளே அந்தக் கட்டியைப் பழஞ்சீலையில் சுற்றி, கடலிலிருந்து தள்ளி, மாவடிப்பள்ளியில் என் தங்கச்சி வீட்டு நெல் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன்.

அவன் அடுத்த லீவுக்கு வருமுன்னம் கடல் வந்தது, சுனாமி. பட்டறை போயிற்று, வீடு போயிற்று. என் மனிசனும் போனார், ஜெமீலா ராத்தாவும் போனாள். எஞ்சின் உருகியதைக் கண்டவர்கள் அந்த இரண்டு பேரும்தான். நான் தங்கச்சி வீட்டில், நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் பாய் போட்டுக் கிடந்தேன். றியாஸ் போன் எடுத்து வாப்பாவுக்காக அழுதான். நாலைந்து நாள் கழித்துத்தான் கேட்டான்.

“உம்மா, அந்த எஞ்சின்?”

“கடல் கொண்டு போயிட்டு மனெ.”

“போக முன்ன ஓடிச்சா?”

“ஓடிச்சு.”

“எனக்கு அது போதும் உம்மா.”

என் தலைக்குப் பின்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில் அது இருந்தது. எங்கள் வீட்டில் கடல் கொண்டுபோகாமல் விட்டது அது ஒன்றைத்தான்.

அதன் பிறகு அவன் வந்தான், கலியாணம் முடித்தான், ஹஸ்னா பிறந்தாள். ஒவ்வொரு லீவிலும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவனோ மகளை மடியில் வைத்து, “ஒன்ட வாப்பும்மா பிளேன் எஞ்சின் ஒட்டினவ” என்று கதை சொல்லிக்கொண்டிருப்பான். நான் எழும்பிக் குசினி அடுப்படிக்குப் போய்விடுவேன். ஹஸ்னாவுக்கு ஐந்து வயதில் அவன் சவூதியிலேயே மௌத்தானான். அங்கேயே அடக்கினார்கள். அவனுடைய கபுறை நான் கண்டதில்லை. மருமகள் வேறு கலியாணம் முடித்துப் போனாள். பிள்ளை என்னோடு நின்றாள். வாப்பாவைப் பற்றி அவளுக்கு ஞாபகம் இருப்பது இரண்டு மூன்று விஷயம். அதில் ஒன்று இந்த எஞ்சின்.

இப்போது அவள் கெம்பஸில் மெசின் படிக்கிறாள். எண்ணெய் கருகிய அன்று அந்த மணத்தைப் பற்றிச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“வாப்பும்மா, அத எப்பிடி ஒட்டினீங்க எண்டு எழுதித் தாங்க. கிளாசுல நான் அலுமினிய ஒட்டப்பத்திக் கதைக்கணும். எங்கட வாப்பும்மா ஒட்டினவ எண்டா ஒருத்தரும் நம்புறாங்க இல்ல.”

“எழுதித் தாறன் புள்ள” என்றேன்.

எழுதிவிட்டேன். றியாஸ் சுழன்று நின்ற மணல் இன்று கடலுக்குள் கிடக்கிறது, கரையில் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். தோய்க்கிற கட்டிக்குப் பதிலாகத் தூள் வந்துவிட்டது. “மகனுக்கிட்டச் சொல்லிடு” என்றவர் இல்லை. சொல்லவேண்டிய மகனும் இல்லை. உருகிய அலுமினியத்தைத் திரும்ப எஞ்சினாக்க எந்த லாம்பாலும் ஏலாது.

ஹஸ்னா, இங்க வா. கொப்பிக்குப் பக்கத்துல சீலையில சுத்தின ஒண்டு இரிக்கி. அதப் பிறகு அவிழ். என்ட கண் மங்கல், நான் எழுதினத எனக்கே வாசிக்க ஏலாது. முதல்ல இருந்து சத்தமா வாசி புள்ள. சவுக்காரம் வாற இடத்துல நிப்பாட்டிப்போடாத. எழுத்துப் பிழை இருந்தா, அத மட்டும் திருத்து.