முதுகு காட்டிய சங்கையா

எங்கள் ஓட்டல் பாருக்கு வேலைக்கு வந்தபோது சங்கையா அண்ணனுக்கு நாற்பத்திரண்டு வயது. அதுவரை ஒரு சொட்டு குடித்ததில்லை. வந்த பிறகும் குடிக்கவில்லை. அப்படிப்பட்ட ஆள் கலக்கிக் கொடுப்பதற்காக, டெல்லி வியாபாரிகள் பக்கத்து மேசையில் இடம் இருந்தும் அவர் எதிரிலேயே வந்து உட்கார்ந்தார்கள்.

சாத்தூர் ரோட்டில் அந்த ஓட்டலைக் கட்டியவர் ஒரு அச்சக முதலாளி. பட்டாசு ஆர்டர் கொடுக்க வரும் வடக்கத்தி ஆட்களுக்காகவே கட்டியது. ஏசி, கம்பளம், பாட்டில்களுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கண்ணாடி. நான் அங்கே கேப்டன். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். தட்டுத் தூக்குகிறவன் கழுத்தில் டையைக் கட்டிவிட்டால் அவன் கேப்டன்.

சங்கையா விஸ்வநத்தத்துக்காரர். பதினேழு வருடம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கியவர். வெயில் ஏறுவதற்குள் தனி அறையில் வெறும் கையால் சலித்து, அலுங்காமல் கலக்க வேண்டும். குலுக்கக் கூடாது, உரசக் கூடாது, கலக்கும்போது வேறு ஆள் கிட்டே நிற்கக் கூடாது. இது எல்லாருக்கும் தெரிந்த சட்டம், சீசன் வந்தால் எல்லாரும் மறக்கிற சட்டம். 2003 புரட்டாசியில் லோடு அவசரம் என்று அவருடைய மைத்துனன் சங்கிலிமுத்து சல்லடையை வேகமாகக் குலுக்கினான். மருந்து வாங்கிப் போகச் சட்டியோடு எதிரில் நின்றது சங்கையாவின் மனைவி பாலம்மாள். சங்கையா தண்ணீர்த் தொட்டிக்குப் போயிருந்தார். திரும்பி வந்து இரண்டு பேர் உடலையும் அடையாளம் காட்டியது அவர்தான்.

இனி அந்த அறைக்குள் கால் வைப்பதில்லை என்று, ஆறாவது படித்துக்கொண்டிருந்த மகள் வேல்விழியின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு எங்களிடம் வந்தார். முதலில் கிளாஸ் கழுவுகிற வேலை. சென்னையிலிருந்து வந்த பார்மேன், இந்த ஊரில் மனுஷன் இருப்பானா என்று ஆறே மாதத்தில் பெட்டியைக் கட்டினான். அதற்குள் சங்கையா அவன் செய்ததையெல்லாம் பார்த்தே படித்திருந்தார். அளவுக் கிண்ணம் இல்லாமல் ஊற்றுவார், ஒரு துளி கூடாது, ஒரு துளி குறையாது. மார்ட்டினியை நீளக் கரண்டியால் கலக்கும்போது ஐஸ் கட்டி கிளாஸில் மோதுகிற சத்தமே வராது. வெடிமருந்தில் பழகிய கை, ஜின்னுக்கா பயப்படும்?

குலுக்க வேண்டியவற்றில்தான் சிக்கல். விஸ்கி, எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, முட்டையின் வெள்ளை, எல்லாவற்றையும் ஷேக்கரில் போட்டு நுரை வரக் குலுக்கினால்தான் அது விஸ்கி சவர். சங்கையா அதை டீ ஆற்றுகிற மாதிரி இரண்டு டப்பாவில் மாற்றி மாற்றி ஊற்றிச் சமாளித்தார். வியாபாரிகளுக்கு அதெல்லாம் தெரியாது. அவர்களுக்குப் பல்லைக் கூச வைக்கிற குளிர் இருந்தால் போதும்.

2006 ஆனியில் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். சென்னையில் ஒரு பெரிய ஓட்டல் கம்பெனி எங்கள் ஓட்டலைச் சேர்த்துக்கொள்ளப் போகிறதாம். அதற்கு முன் பாருக்கு மார்க் போட ஒருவர் வருவார், சாதாரண விருந்தாளி மாதிரிதான் வருவார்.

"பாஸானா சங்கையாவுக்கு வேலை நிரந்தரம். போச்சுன்னா அவங்க ஆளே வந்துருவாங்க. கிளாஸ் கழுவுறதுக்கும் மெஷின் வருது, பார்த்துக்கங்க" என்றார்.

பிறகு ஒரு தாளைப் படித்தார். ஒரு நிமிடத்துக்குள் வணக்கம் சொல்ல வேண்டும். கிளாஸின் விளிம்பில் விரல் படக் கூடாது. விருந்தாளியைப் பார்த்தபடிதான் கலக்க வேண்டும், எக்காரணம் கொண்டும் முதுகு காட்டக் கூடாது. கடைசியாக அவராகவே ஒன்றைச் சேர்த்தார். பட்டாசு வாங்க வருகிற ஆட்கள், அதனால் வெடி விபத்து பற்றி எவனும் வாயைத் திறக்கக் கூடாது.

அன்று மதியமே சங்கையா பழக ஆரம்பித்தார். தண்ணீரையும் ஐஸையும் போட்டுக் குலுக்கிப் பார்ப்பார். நான் நின்றால் மட்டும் கை ஓடாது. "ஏலே செல்வக்குமாரு, செத்த வெளிய இரு" என்பார். கதவுக்கு வெளியே நின்றால் உள்ளே டப்பா சடசடவென்று சத்தம் போடும். கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

ஆடியில் ஒரு நாள் சாயந்தரம் ஆறு மணிக்கு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி. உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆள் இவர்தான் என்று எனக்குப் புரிந்துபோனது. சங்கையா உடனே வணக்கம் சொன்னார், கிளாஸுக்கு அடியில் காகிதத்தை மடிப்பு கலையாமல் வைத்தார். வந்தவர் முதலில் மார்ட்டினி கேட்டார். ஒரு வாய் குடித்துவிட்டு, கிளாஸைக் கீழே வைக்காமல் இன்னொரு வாய் குடித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"அடுத்து ஒரு விஸ்கி சவர். முட்டை போட்டு, நல்லா ஷேக் பண்ணுங்க" என்றார்.

சங்கையா ஷேக்கரை மூடினார். என்னைப் பார்த்தார். "நீ தள்ளிப் போலே" என்றார். மெதுவாகச் சொல்லவில்லை, விரட்டுகிற குரலில் சொன்னார். எதிரில் இருந்தவரை ஒரு தரம் பார்த்தார். டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு பாட்டில் சுவரைப் பார்க்கத் திரும்பி, தோளைக் குறுக்கி, அவருக்கு முழு முதுகையும் காட்டிக் குலுக்கினார். அப்படி ஒரு குலுக்கலை நான் எந்த பார்மேனிடமும் பார்த்ததில்லை. கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. கண் இரண்டையும் இறுக மூடியிருந்தார்.

கிளாஸில் இரண்டு விரல் உயரத்துக்கு நுரை நின்றது. வந்தவர் குடித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். சங்கையா ஐஸ் எடுக்க உள்ளே போனதும் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"அவர் ஏன் அப்படித் திரும்பிக்கிட்டார்? உங்களை வேற விரட்டினாரே?"

கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்தபோதே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். இரண்டே வாக்கியம். கல்லாப் பக்கம் மேனேஜர் நின்றிருந்தார், எனக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

"தெரியலை சார்" என்றேன்.

பத்து நாளில் கடிதம் வந்தது. மார்ட்டினிக்குப் பத்துக்குப் பத்து. விஸ்கி சவருக்கு ஒன்பது. பரிமாறும் முறைக்குப் பூஜ்யம்: 'பார்மேன் விருந்தாளிக்கு முதுகு காட்டினார். எதிரிலேயே சக ஊழியரை விரட்டினார். மரியாதை தெரியாதவர்.' மேனேஜர் அதைச் சத்தமாகப் படித்தார். சங்கையா கழுத்திலிருந்த டையைக் கழற்றி நான்காக மடித்துக் கவுண்டரில் வைத்தார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு இதை எழுதுவதால் யாருக்கு என்ன லாபம்? ஒன்றும் இல்லை.

புரட்டாசியில் விஸ்வநத்தம் விலக்கு டீக்கடையில் அவரைப் பார்த்தேன். விரல் இடுக்கிலெல்லாம் வெள்ளி நிறத்தில் அலுமினியத் தூள். பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். வேல்விழி ஒன்பதாவது படிக்கிறாள், மருந்து அறையில்தான் கூலி கூட, வேறு எங்கே போவார்?

"அண்ணே, என்னய மன்னிச்சிருங்க. அன்னைக்கு நான் அவருகிட்டச் சொல்லியிருக்கணும்" என்றேன்.

"சொன்னா மட்டும் என்னலே? அவுகளுக்கு எப்படிப் புரியும்?" என்றார். டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

"எனக்கு இங்கனயே தோதா இருக்கு. யாருக்கும் முதுகு காட்ட வேண்டியதில்ல. நான் மட்டும்தான் உள்ள இருப்பேன்."