அம்மா கொண்டுவந்த கம்பளி

1940-ஆம் வருஷம், சித்திரை மாதக் கடைசி வாரம். தூத்துக்குடியில் கத்திரி வெயில். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்த என் அக்காள் ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் இறந்துபோனாள். அத்தான் கொழும்பில் கடை வைத்திருந்தார். தந்தி கொடுத்தோம். அன்று மாலைக் கப்பலில் ஏறுவதாகவும், முகம் பார்க்காமல் எடுத்துவிட வேண்டாம் என்றும் பதில் வந்தது.

மறுநாள் காலை வரை உடலைக் காக்க வேண்டும். ஐஸ் கம்பெனியில் இருந்த பாளங்களையெல்லாம் சாக்குச் சுற்றியபடியே வாங்கிவந்தோம். அடுத்த ஐஸ் வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

சித்தப்பா உப்பள வியாபாரி. கல்யாண வீடுகளில் ஐஸ்கிரீம் உறைய வைக்க ஐஸில் உப்புப் போடுவதைப் பார்த்தவர். பாளங்களை உடைத்து உப்பைக் கொட்டச் சொன்னார். யாரோ தயங்கவும் என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, நாலு புஸ்தகம் படிச்சவன்லா நீ, சொல்லு. உப்பப் போட்டா குளிரு கூடுமா, கூடாதா?"

"கூடும் சித்தப்பா. உறையுற குளிருக்கும் கீழ போகும்" என்றேன். அதில் பிழை ஒன்றும் இல்லை.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா உள்ளே போய்க் கம்பளியை எடுத்துவந்து அக்காள்மேலும் ஐஸ்மேலுமாகப் போர்த்தினாள்.

"மார்கழி வாடைக்கே இழுத்துப் போர்த்திக்கிட்டுப் படுக்கவ. இத எப்படித் தாங்குவா?"

"கம்பளி சூடுல்லா மதினி, ஐஸ் உருகிராதா?" என்று சித்தப்பா மெதுவாக எடுத்துவிட்டார். அம்மா மறுபடி போர்த்தினாள். இந்த முறை எடுத்தவன் நான்.

குளிர் உண்மையிலேயே கூடியது. விரல் வைத்தால் சுட்டது. ஆனால் பொழுது விடியுமுன் பாயைச் சுற்றி வெறும் உப்புத் தண்ணீர்தான் நின்றது. வெயில் ஏற ஏற வீட்டில் நிற்க முடியவில்லை. கப்பல் வந்து தொலைவில் நங்கூரம் போட்டிருந்தது, கரையிலிருந்தே தெரிந்தது. காற்றினால் ஆட்களை ஏற்றிவரும் லாஞ்ச் மட்டும் வரவில்லை. பெரியவர்கள் இனித் தாங்காது என்றார்கள். எடுத்துவிட்டோம்.

அத்தான் வந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தோம். அவர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சில மாதம் கழித்து ஒரு விஞ்ஞானப் புத்தகத்தில் மீதியைப் படித்தேன். உப்புப் பட்ட ஐஸ் குளிர்வதே, சீக்கிரம் உருகுவதால்தானாம். கம்பளிக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. வெளிச் சூட்டையும் அது உள்ளே விடாது. ஐஸ் கம்பெனியில் பாளங்களை உமியிலும் சாக்கிலும் பொதிந்து வைப்பதும் அதற்குத்தான். அந்தச் சாக்குகளை அவிழ்த்து எறிந்தது என் கைதான்.

ஒவ்வொரு மார்கழியிலும் அம்மா என்னிடம் கேட்கிறாள்: "அவளுக்கு ரொம்பக் குளிர்ந்திருக்குமோலே?" இன்றுவரை நான் பதில் சொன்னதில்லை, சொல்லத் தொடங்கினால் அந்தக் கம்பளியைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும்.