பச்சை வெளிச்சத்தில் ஒரு முகம்

செட்டியார்பட்டி முத்தாத்தாள் முப்பது வருஷமாக அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்பவள். அடியோ வசவோ, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டதில்லை.

மக்காச்சோளம் ஒடிக்கும்போது தோகை அவளுடைய வலது கண்ணைக் கீறியது. மருந்துக்கடை செண்பகமூர்த்தி, டாக்டர் சீட்டுக்கூடக் கேட்காமல் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைக் கொடுத்தான். எரிச்சல் அடங்கியது, ஆனால் தோகையிலிருந்து தொற்றிய பூஞ்சை அந்த மருந்தாலேயே உள்ளே பரவிவிட்டது. பத்து நாளில் கருவிழி வெளுத்தது. கேட்கப் போனவளை, "நீ யாரு? என் கடைக்கு வந்ததே கிடையாதே" என்று விரட்டினான்.

மதுரை கண் ஆஸ்பத்திரியில் எந்த மருந்துக்கும் பூஞ்சை மசியவில்லை. கடைசியில் டாக்டர் கண்ணில் ரோஸ் நிறச் சாயத்தை ஊறவிட்டு, பச்சை வெளிச்சம் பாய்ச்சினார். இரண்டும் சேர்ந்துதான் பூஞ்சையைக் கொல்லுமாம். கால் மணி நேரம் கண்ணை அசைக்கக் கூடாது. அவள் அசைக்கவே இல்லை.

"எப்படிம்மா கல்லு மாதிரிக் கிடந்தீங்க?"

"வெளிச்சத்துக்குள்ள அந்தக் கடைக்காரன் மூஞ்சிய வச்சிக்கிட்டேன் சார். வேகுறது அவன்தான்னு நெனச்சிக்கிட்டேன்."

தழும்பு நின்றது. பார்வை ஓரளவு திரும்பியது.

ஸ்ரீவில்லிபுத்தூர் நுகர்வோர் கோர்ட்டில் அவள் வழக்குப் போட்டாள். விசாரணையன்று செண்பகமூர்த்தியின் வக்கீல் எழுந்தார். "ஐயா, கண்ணு தெரியாத அம்மா. ஆள் அடையாளம் தெரியாமச் சொல்றாங்க."

முத்தாத்தாள் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். தழும்பு விழுந்த கண்ணால் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். கடைசி பெஞ்சில் தலை குனிந்திருந்தவன் முன்னால் நின்றாள்.

"ஏலே, நிமிந்து பாரு. நீ கெடுத்த கண்ணுதாம்ல உன்னையக் கண்டுபுடிச்சிருக்கு."