மூன்றாம் மாடிக்கு வந்த அரிசி

முழங்கால் இரண்டும் போன பிறகு அரிசிதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. ஜெர்மனியில், பீலெஃபெல்டில் நாங்கள் இருந்த கட்டடத்துக்கு லிஃப்ட் இல்லை. என்னுடைய அவர் இருந்தவரைக்கும் தமிழ்க்கடை மூட்டையைத் தோளில் வைத்து மூன்றாம் மாடிக்கு ஏற்றிவிடுவார். அவர் போன பின் நான் சின்னப் பைகளாக வாங்கி, திருப்பத்துக்குத் திருப்பம் படியில் குந்தியிருந்து மூச்சு வாங்கி ஏறினேன். யாரையும் உதவி கேட்க எனக்கு வாய் வராது.

மியூனிக்கில் இருக்கிற மகன் ஞாயிறு தவறாமல் டெலிபோனில் அதையே சொல்வான்.

“அரிசி ஏத்த ஏலாட்டி அங்க தனிய இருந்து என்ன செய்யப் போறியள், அம்மா? இங்க வாங்கோ. ஒரு அறை சும்மா கிடக்குது.”

அறை இருந்ததுதான். ஆனால் அவன் வீட்டுக்கு ஆட்கள் வந்தபடி இருப்பார்கள். யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு முன்னறையில் இருத்துவார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அந்தப் படித்தவர்களுக்கு நடுவே கையை எங்கே வைப்பதென்று தெரியாது. என் வீட்டில் என்னை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அது போதும்.

எதிர்க் கதவில் ஒரு கொரியாக்காரி இருந்தார். இளவயதில் தாதியாக வந்தவர். முதியோர் இல்லத்தில் இரவு வேலை, பகலில் நித்திரை. சமையல் சாமான் முழுவதும் கணினியில் கேட்டுத்தான் வாங்குவார். வேறு நகரத்துக் கொரியக் கடை ஒன்று பெட்டியில் கட்டி அனுப்பும். அந்த நித்திரையில் அவருக்குக் கதவு மணி கேட்காது. தபால்காரர் பெட்டியை என்னிடம் தந்துவிட்டுப் போவார். ஒரு நாள் வந்தது அரிசி மூட்டை. தபால்காரர் அதை மேலே சுமந்து வந்து என் காலடியில் வைத்தார். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்கும் ஒன்று வருமா என்று கேட்பதற்குள் எத்தனையோ பெட்டிகள் வந்து போயின.

“வரும். ஆனா நாங்கள் தனித்தனிய வாங்கிறேல்லை,” என்றார் அவர் டொச்சு மொழியில். “ஊரிலை இருக்கிற கொரியாப் பொம்பிளையள் எல்லாரும் சேர்ந்துதான் கேப்பம். நிறைய எடுத்தா அனுப்புகூலி இல்லை. எல்லாத்தையும் உங்கடை வீட்டுக்கே அனுப்பச் சொல்லட்டோ? பகலிலை நீங்கள்தானே நிக்கிறியள்.”

தலையை ஆட்டிவிட்டேன்.

பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை என் குசினி நிறைய, அடுப்படி வரைக்கும் பெண்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிலத்தில் குந்தியிருந்து மிளகாய்த்தூள், உள்ளிப்பூண்டு, நெத்தலிக் கருவாடு என்று பங்கு பிரிப்பார்கள். நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பேன்.

“இவவுக்கு வாயே இல்லை,” என்றாள் ஒருத்தி, எனக்கும் விளங்கட்டும் என்று டொச்சில்.

“அதாலைதான் உன்ரை வாய்க்கு இஞ்சை இடம் இருக்கு,” என்றார் எதிர்வீட்டுக்காரி.

அவர்கள் போனதும் அடித்துப் போட்டது போல இருக்கும் எனக்கு.

அரிசியும் இலேசில் சரிவரவில்லை. கட்டை அரிசி. நம் வழக்கப்படி நிறையத் தண்ணீர் விட்டு அவித்தேன். வடிக்க ஒன்றும் இல்லை, பானை முழுவதும் பசை. தண்ணீரைக் குறைத்து மூடிவைக்கச் சொல்லித் தந்தார்கள். அப்போதும் ஒட்டியது. மீன்குழம்பு சோற்றுக்குள் இறங்காமல் மேலே நிற்கும். குத்தரிசி தின்ற வாய்க்கு அது சோறே இல்லை. ஆனாலும் தின்றேன்.

ஒரு சனிக்கிழமை மகன் சொல்லாமல் காரோடு வந்தான், என்னைக் கையோடு கூட்டிப்போக. பெண்கள் முள்ளங்கியைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகுமட்டும் சுவரோடு ஒட்டி நின்றான். பிறகு சோறு போட்டேன்.

“என்னம்மா, இது சோறோ களியோ?”

“களி எண்டு நினைச்சுச் சாப்பிடு.”

“இதைத் திண்டுகொண்டே இங்க இருக்கப் போறியள்? அங்க நல்ல குத்தரிசி இருக்கு.”

“இது மேல வருது, தம்பி. நான் தூக்கத் தேவையில்லை.”

“ஆக்கள் வருகினம் எண்டுதானே என்னட்டை வரமாட்டன் எண்டனீங்கள். இங்க வாசலிலை சப்பாத்து வைக்க இடமில்லை.”

அவன் சோற்றுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டேன்.

“இவை சாமானை எடுத்தாப் போயிடுவினம். என்னை ஒண்டும் கேக்கிறேல்லை.”

அவன் குனிந்தபடி சாப்பிட்டு முடித்தான். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, “பனிக்காலம் முடியுமட்டும் இருங்கோ. பிறகு பாப்பம்,” என்றான்.

கார் தனியாகப் போவதை யன்னலால் பார்த்தேன். குசினி நிலமெல்லாம் உள்ளித் தோல். குனிய உடம்பில் பலம் இல்லை. கதவைச் சாத்திவிட்டுப் போய்ப் படுத்தேன்.