இலக்கம் எட்டு

கூட்டத்துக்கு இத்தனை பேர் வருவார்கள் என்று சத்தியமாக நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம். அங்குள்ள பிள்ளைக்காம்பராவில் — அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற இடம் — ஒரு பிற்பகல் கூட்டம். தலைப்பு? ‘நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள் பற்றிய விழிப்புணர்வு’. மூச்சு விடாமல் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்... இதைக் கேட்டு யாராவது வீட்டை விட்டுக் கிளம்புவார்களா? நானாக இருந்தால் அடுப்பில் சோறு இருக்கிறது என்று சொல்லித் தப்பித்திருப்பேன்.

என்னை இழுத்துப் போனவர் ரிஸ்வான். பதுளைக்காரர். அபிவிருத்தி உத்தியோகத்தர். நாலு பேர் செய்கிற வேலையைத் தனியாகச் செய்துகொண்டு ஓடுகிறவர். கொழும்பிலிருந்து விளக்கம் சொல்ல வளவாளர் ஒருவர் வருகிறார், சிங்களத்தில் பேசுவார், அதைத் தமிழில் சொல்ல வேண்டிய ரிஸ்வானுக்கோ தொண்டை கட்டிவிட்டது. "அக்கா, நீங்கதான் வந்து காப்பாத்தணும்" என்று போனில் வெறும் காற்றாகப் பேசினார். அந்தக் குரலைக் கேட்டபின் எப்படி மறுப்பது? பண்டாரவளையில் சும்மா இருந்த நான் பஸ் ஏறிவிட்டேன்.

போய்ப் பார்த்தால்... உள்ளே கால் வைக்க இடமில்லை! தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரை முழுக்கப் பெண்கள். ஜன்னலுக்கு வெளியே ஆண்கள். வாசலில் செருப்பு மலை. இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு வழக்கமாகத் தோட்டத் தலைவரும், டீக்கும் பணிஸுக்கும் ஆசைப்பட்ட சிலரும்தான் வருவார்கள். ரிஸ்வானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போன தொண்டையில் பாதி திரும்பி வந்துவிட்டது.

வளவாளர் நல்ல மனிதர். சுவரில் படம் காட்டிப் பொறுமையாக விளக்கினார். வறுமை ஒழிய வேண்டும், பசி தீர வேண்டும், நல்ல சுகாதாரம், தரமான கல்வி, சுத்தமான தண்ணீர்... 2030க்குள் உலக நாடுகள் எல்லாம் எட்ட வேண்டிய பதினேழு இலக்குகள். நானும் மைக்கைப் பிடித்துக்கொண்டு தமிழில் முழங்கினேன். ஒருவரைக்கூடப் பின்னால் விட்டுவிடாமல் எல்லோரையும் கூட்டிப் போவதுதான் இதற்கெல்லாம் அடிப்படை என்றேன். கேள்வி இருக்கிறதா என்று கேட்டேன்.

நடுவில் இருந்து ஒரு பெண் எழுந்தார். ஐம்பதைத் தாண்டியிருக்கும். பெயர் பாக்கியம்.

"மிஸ், பதினேழு பத்தாதுங்களே?"

"ஆமாங்க, பத்தாது... பத்தாது" என்று பின்னாலிருந்து ஒரே சத்தம்.

அதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். வளவாளர் உருகிப் போனார். எந்த ஊருக்குப் போனாலும் பதினேழு ரொம்ப அதிகம், மனதில் நிற்காது, குறைக்க முடியாதா என்றுதான் கேட்கிறார்களாம். இன்னும் வேண்டும் என்று கேட்டவர்கள் இவர்கள்தானாம். என்னென்ன சேர்க்க வேண்டும் என்று கேட்கச் சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

கேட்டேன்.

"எங்க மேட்டு லயத்துல மட்டும் இருபத்துநாலு காம்பரா இருக்குங்க. பள்ளத்து லயத்துல இன்னும் கூட. பதினேழு இலக்கத்தை வச்சிக்கிட்டு யாருக்குக் குடுப்பீங்க, யாரை விடுவீங்க?"

எனக்குப் பொறி தட்டக் கொஞ்ச நேரம் ஆனது.

இலக்கு இல்லை... இலக்கம்!

நடந்தது இதுதான். காலையில் பெரட்டில் — ஆட்களைக் கூட்டி அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போது — கங்காணி அறிவித்திருக்கிறார்: "பின்னேரம் மீட்டிங்கு. பதினேழு இலக்கம் குடுக்கிறாங்களாம்." அவரைக் குறை சொல்ல முடியுமா? நம் நாட்டில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இலக்கம்தானே கேட்கிறார்கள்? அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், வீட்டு இலக்கம்... உங்கள் இலக்கு என்ன என்று எந்தக் கவுண்டரில் கேட்டிருக்கிறார்கள்? ஆக, லயத்து வீடுகளுக்கு — வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்களுக்கு — இலக்கம் வருகிறது, பதினேழுதான் வருகிறது, முந்தினவர்களுக்குத்தான் கிடைக்கும் என்று, கொழுந்து நிறுத்ததும் நிறுக்காததுமாக ஓடி வந்திருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இலக்கம் இல்லீங்க, இலக்கு. இங்க போய்ச் சேரணும்னு நினைக்கிறோமே, அது" என்று விளக்கினேன். கூட்டமும் சேர்ந்து சிரித்தது. ஜன்னலோரம் நின்ற கங்காணி மெல்ல நழுவினார்.

பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. உட்காரவும் இல்லை.

"அப்ப நம்பர் கெடைக்காதுங்களா மிஸ்?"

அந்த நம்பர் ஏன் அவ்வளவு முக்கியம் என்று அவரே சொன்னார். மகள் தர்ஷினிக்கு முதல் பிரசவ வலி வந்தபோது அம்புலன்ஸுக்குப் போன் பண்ணினார்களாம். முகவரி கேட்டார்கள். தோட்டத்தின் பெயரைச் சொன்னார்கள். வேறென்ன சொல்வது? தோட்டத்தில் இருக்கும் அத்தனை குடும்பத்துக்கும் அந்த ஒரு பெயர்தான் முகவரி. வண்டி உடனே புறப்பட்டு வந்தது... ஆனால் அதே தோட்டத்தின் கீழ்ப் பிரிவுக்கு. எல்லா லயமும் ஒரே சாயல், எல்லாக் கதவும் ஒரே பச்சை. பாவம், அவர்களும் பனிக்குள் அங்கே கேட்டு, இங்கே கேட்டுச் சுற்றியிருக்கிறார்கள். இங்கே பொறுக்க முடியாமல் ஓட்டோ பிடித்திருக்கிறார்கள். பெரகல சந்திக்குப் போகும் முன்பே குழந்தை பிறந்துவிட்டது. தங்கவில்லை.

"இப்ப திரும்பவும் மாசமா இருக்கா மிஸ். நாளு கிட்ட வந்திருச்சு" என்றார். பிறகு கொஞ்சம் குரலை உயர்த்தினார். "நாங்க நிக்கிற மலைக்கு நம்பர் இருக்குங்க. ஏழாம் நம்பர் மலை, பன்னெண்டாம் நம்பர் மலைன்னு தேயிலைக்கெல்லாம் நம்பர் போட்டு வச்சிருக்காங்க. நாங்க படுக்கிற காம்பராவுக்குத்தான் இல்ல."

அதைச் சிங்களத்தில் சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பண்டாரவளையில் என் வீட்டு வாசலில் நிற்கும் லைட் கம்பத்துக்குக்கூட ஓர் இலக்கம் உண்டு. அதை நான் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் ரிஸ்வான் என்ன சொல்லியிருக்கலாம்? ‘மேலிடத்துக்கு அறிவிக்கிறோம்’ என்று சொல்லியிருக்கலாம். நானும் அதைத்தான் எதிர்பார்த்து, மொழிபெயர்க்கத் தயாராக இருந்தேன். அவரோ என் கையிலிருந்து மைக்கை வாங்கி, இருந்த பாதித் தொண்டையில் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை வாரேன். பதினேழு இல்ல, எத்தனை வேணுமோ அத்தனையும் போடுவோம்."

வந்தார். வெள்ளைப் பெயின்ட், பிரஷ் சகிதம். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

இலக்கம் போடுவது லேசுப்பட்ட காரியம் என்று நினைக்காதீர்கள். எங்கிருந்து எண்ணத் தொடங்குவது? கோயில் பக்கத்திலிருந்தா, தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கத்திலிருந்தா? ஒன்றாம் இலக்கம் எங்களுக்குத்தான் என்று இரண்டு கோடியிலும் கொடி பிடித்தார்கள். ரிஸ்வானுக்குத் திரும்பவும் தொண்டை போகும் போலிருந்தது. கடைசியில் சாமியை முன்னிட்டுக் கோயில் பக்கம் வென்றது.

மூன்றாவது கதவில் பிரஷ் வைத்தபோது மோட்டார் சைக்கிள் சத்தம். சின்ன துரை! தோட்டத்தின் உதவி முகாமையாளர். இளைஞர். "யாரு பெர்மிஷன் குடுத்தது?" என்றார்.

பாக்கியம் முன்னால் வந்தார்.

"உலகத்து நாடெல்லாம் சேந்து குடுத்திருக்குங்க தொரை. பதினேழு அங்கேருந்து வந்திச்சு. மிச்சத்த நாங்க போட்டுக்கிறோம்."

சின்ன துரை ரிஸ்வானைப் பார்த்தார். ரிஸ்வான் ரொம்ப சீரியஸாகத் தலையாட்டினார். என்னைப் பார்த்தார். நான் கோயில் கோபுரத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஸ்டோர்ல இன்னொரு டின் பெயின்ட் கிடக்கு, அனுப்புறேன்" என்றவர், கிளம்பும்போது தன்னுடைய குவார்ட்டர்ஸுக்கும் ஒன்று போட்டுத் தரச் சொன்னார். அவருக்கும் அதுவரை இலக்கம் இல்லையாம்!

ஏழு வரை பிரச்சினை இல்லாமல் போனது. எட்டாவது கதவு பாக்கியத்தின் கதவு.

லயமே கூடிவிட்டது. எட்டு என்றால் நம் ஆட்கள் எப்படிப் பதறுவார்கள் என்று தெரியுமே? சனீஸ்வரனின் எண்ணாம். வண்டி வாங்கினால் கூட்டுத்தொகை எட்டு வராமல் பார்ப்பவர்கள், கதவிலேயே எழுத விடுவார்களா? "புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுக்கு எட்டா? வேணாங்க சேர், ஏழு ஏ-ன்னு போடுங்க" என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர், மருமகன், எல்லோருக்கும் அதே கருத்து. ரிஸ்வானும் சரி என்று பிரஷைத் தூக்கிவிட்டார். ஒரு குழந்தையைப் பறிகொடுத்த வீடு. யாருக்குத்தான் மனம் துணியும்? எனக்கே ஏழு ஏ போட்டால் என்ன என்றுதான் தோன்றியது.

வாசலில் வயிற்றைப் பிடித்தபடி தர்ஷினி நின்றாள். பாக்கியம் அவளை ஒரு தடவை பார்த்தார்.

"எட்டே போடுங்க சேர். ஏழு ஏ-ன்னா வர்றவரு ஏழாம் வீட்டுக் கதவத் தட்டிக்கிட்டு நிப்பாரு. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு வேணும். எட்டுன்னா நேரா எங்கிட்ட வந்திரலாம்."

ரிஸ்வான் எழுதினார். லயத்திலேயே பெரிய எழுத்து அதுதான். என்ன தைரியம் இந்த அம்மாவுக்கு என்று நான் வாயைப் பிளந்து நின்றேன். நாள் பார்க்காமல் நான் ஒரு புடவைகூட வாங்கியதில்லை.

ரிஸ்வான் அத்தோடு விடவில்லை. தோட்டத்துக்குத் திரும்பும் வளைவில் இருக்கும் பாறையில் மூன்று மொழிகளிலும் எழுதி அம்புக்குறி போட்டார். எந்த லயம் எங்கே, எந்த இலக்கம் எங்கே என்று ஒரு படம் வரைந்து அம்புலன்ஸ்காரர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். இதையெல்லாம் செய்யச் சொல்லி அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை தர்ஷினிக்கு வலி வந்தது.

பட்டப்பகல்தான். ஆனால் ஹப்புத்தளைப் பக்கமிருந்து இறங்கிய பனியில் எதிரே இருக்கும் ஆள் தெரியவில்லை. லயத்தில் ஈ காக்கை இல்லை. எல்லோரும் மலையில். மருமகன் வெலிமடையில் மரக்கறி ஏற்றப் போயிருந்தார். பாக்கியம் போனை எடுத்தார். தோட்டத்தின் பெயர், மேல் பிரிவு, மேட்டு லயம், இலக்கம் எட்டு என்றார்.

"வேற ஒன்னுமே கேக்கல மிஸ்" என்று பிறகு என்னிடம் சொன்னார். "சரிம்மா, வர்றோம்னு வச்சிட்டாங்க. எனக்கு அங்கேயே அழுகை வந்திருச்சு."

எழுதும்போது எனக்கும் கண் கலங்குகிறது. அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார்கள், சொன்னார், புரிந்துகொண்டார்கள். நமக்கெல்லாம் தினமும் நடக்கிற விஷயம். ஒருவரையும் பின்னால் விட்டுவிடக் கூடாது என்று மைக்கில் முழங்கினேனே... விடாமல் இருப்பதற்கு முதலில் அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டாமா?

தார் ரோடு முடியும் இடத்தில் வண்டி நின்றது. அதற்குக் கீழே உடைந்த கல் படிதான். இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு இறங்கி, கதவு கதவாக இலக்கத்தைப் பார்த்துக்கொண்டே வந்து, எட்டைத் தட்டினார்கள். வழி காட்ட ஒருவரும் இல்லை, தேவைப்படவும் இல்லை. தர்ஷினியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பனிக்குள் மேலே ஏறினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்து, கட்டிலில் படுத்து, டாக்டர் பார்க்க, பெண் குழந்தை பிறந்தது. நன்றாக அழுததாம்.

உலக நாடுகள் எங்கேயோ கூடிப் போட்ட இலக்குகள் நம்மைப் போல அரைக் கிணறு தாண்டிய நாட்டுக்கு எதற்கு என்று கேட்கிற ஆள்தான் நானும். எத்தனை கூட்டம், எத்தனை பேனர்! ஆனால் பெரிய பெரிய வார்த்தைகளில் வந்ததைத் தங்களுக்கு வேண்டிய அளவுக்கு வெட்டி எடுத்துக்கொள்ள இந்த லயத்து மக்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதை மதித்துப் பெயின்ட் டின்னோடு வர ஓர் உத்தியோகத்தரும் இருந்திருக்கிறார். இரண்டும் சேர்ந்தால் நடக்கும் போலிருக்கிறது.

சனிக்கிழமை பேபி சோப்பும் குட்டிச் சட்டைகளும் வாங்கிக்கொண்டு ரிஸ்வானோடு குழந்தையைப் பார்க்கப் போனேன். பாக்கியம் பேத்தியை என் மடியில் வைத்தார். குழந்தையைக் கொஞ்சுவதற்குள் கேள்வி வந்துவிட்டது.

"வண்டி வீட்டக் கண்டுபுடிச்சிருச்சு மிஸ். ஆனா மேல தூக்கிட்டுப் போறதுக்குள்ள எங்க உசுரு எங்ககிட்ட இல்ல. கல்லு வழுக்குது. ரோட்டக் கொஞ்சம் கீழ வரைக்கும் இழுக்கணும். அந்தப் பதினேழுல ரோடு எத்தனையாவதுங்க?"

நான் ரிஸ்வானைப் பார்த்தேன். உட்கட்டமைப்பு என்று ஒன்று வருமே...

"ஒன்பது" என்றார் ரிஸ்வான்.

"ஒன்பதா? அப்ப தூரமில்ல சேர்... பக்கத்து வீடுதான்."