பாதிக் கணிப்பொறிகள்

வழவழப்பான தாளில் அச்சான அந்த விளம்பரக் கையேட்டின் அட்டையில் நாங்கள் மேடம் என்றழைக்கும் எங்கள் துறைத்தலைவி நின்றிருப்பார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தடித்த கண்ணாடி, கொஞ்சம் சங்கடமான சிரிப்பு. அவருக்குப் பின்னால் வரிசையாகக் கணிப்பொறிகள். படம் எடுத்த அன்று அவற்றில் ஒன்றுகூட எங்கள் கல்லூரியுடையது இல்லை. தாம்பரத்திலிருந்த ஒரு பயிற்சி மையத்திலிருந்து வாடகைக்கு வந்தவை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தாம்பரத்துக்குத் தெற்கே, வயல்களுக்கும் ஏரிகளுக்கும் நடுவே பொறியியல் கல்லூரிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். எங்களுடையது மிகச் சிறியது. பெயரைச் சொன்னால் அஸ்தினாபுரத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. படிப்பை முடித்த கையோடு அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தேன். பெரிய கல்லூரிகளைத் தேடி எங்கள் வாசலைக் கடந்து போகிற பிள்ளைகளை எப்படி நிறுத்துவது என்பதே தாளாளரின் ஓயாத கவலை. அவர் கண்ட வழி, ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம். முதல் இரண்டு ஆண்டு இங்கே, அடுத்த இரண்டு ஆண்டு அங்கே, பட்டம் அவர்களுடையது.

அதைப் பேசி முடிக்க அங்கிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். சுவர்களுக்கு வண்ணம் அடித்தார்கள், கணிப்பொறிகள் வந்திறங்கின, கையேட்டுக்குப் படம் பிடித்தார்கள். மதியச் சாப்பாட்டின்போது மேடம் அவரிடம், இவ்வளவு சின்னக் கல்லூரியைத் தேடி ஏன் வந்தீர்கள் என்று நேரடியாகவே கேட்டுவிட்டார். அவரும் மறைக்கவில்லை. தன் ஊரில் மாணவர்கள் குறைந்துவிட்டார்கள், வெளிநாட்டுப் பிள்ளைகள் வராவிட்டால் தன் துறையையே மூடிவிடுவார்கள் என்றார். மாலையில் கல்லூரிப் பேருந்தில் மேடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தாம்பரம் நெருங்கும்போது என் பக்கம் திரும்பி, "பாவம்ப்பா, அவரும் நம்மள மாதிரி ஆள் தேடித்தான் வந்திருக்கார்" என்றார். உலகத்தின் உச்சியில் இருப்பதாக நான் நினைத்திருந்த ஓர் இடம் அன்று எனக்கு மிகவும் பக்கத்தில் வந்துவிட்டது.

மறுநாள் கணிப்பொறிகளை ஏற்றிச் செல்ல வேன் வந்தது. மேடம் ஆய்வக வாசலில் நின்றுகொண்டார். "படம் எடுத்தாச்சு சார். பசங்க வந்து எங்கேன்னு கேட்டா நான்தானே பதில் சொல்லணும்?" என்றார் தாளாளரிடம். அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு பாதியை விலைக்கு வாங்க அவர் சம்மதித்தார். மீதி வேனில் ஏறியது.

கோடையில், தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெற்றோர் கூட்டம். வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிப் பேச மேடத்தை மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். பம்மலில் தோல் பட்டறை வைத்திருந்த ஒருவர் எழுந்தார். "மேடம், இங்க இல்லாதது அங்க இன்னா கீது?"

மைக்கை வாங்கிக்கொள்ளத் தாளாளர் கையை நீட்டினார். மேடம் தரவில்லை.

"லேப் பெரிசு, லைப்ரரி பெரிசு. அது நிஜம். பாடம் ஒண்ணுதான். பேர் வேணும்னா அனுப்புங்க. பாடம் போதும்னா நாலு வருஷமும் இங்கயே படிக்கட்டும், நான் பாத்துக்கறேன். இன்னொண்ணு. உங்க கையில இருக்கிற படத்துல உள்ள கம்ப்யூட்டர்ல பாதிதான் எங்ககிட்ட இருக்கு."

முன்வரிசையில் சிலர் கையேட்டின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். தாளாளர் மேடத்தின் பக்கம் திரும்பவே இல்லை. மறுநாள் காலை மேடம் தன் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார். நான் உதவுவதா தடுப்பதா என்று தெரியாமல் நின்றேன். அப்போதுதான் பம்மல்காரர் தன் மகனையும் தம்பி மகளையும் அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். "பாதிதான் கீதுன்னு சொன்னாங்களே, அந்தம்மா. அவங்ககிட்டதான் எங்க பசங்க படிக்கணும்." அந்த வாரம் முழுக்க அப்படியே சிலர் வந்துகொண்டிருந்தார்கள். வெளிநாட்டுப் படிப்பில் சேர்ந்தவர்கள் குறைவு. எங்கள் வகுப்பு நிறைந்தது. மேடத்தை யாரும் போகச் சொல்லவில்லை.

அடுத்த கோடையில் தாளாளரே துறைக்கு வந்தார். "போன வருஷம் பேசினீங்களே மேடம், அதையே பேசுங்க. ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு." மேடம் சிரித்துவிட்டார். "போன வருஷம் அது பதில் சார். இந்த வருஷம் சொன்னா விளம்பரம்."

இன்று அந்தச் சாலை நெடுகத் தரவரிசைப் பலகைகள், வெளிநாட்டுக் கொடிகள். சேர்க்கைக் காலம் வந்தால், இப்போது மேடையேறுகிற எனக்கு ஆலோசகர்கள் சொல்லித்தருகிறார்கள்: வெளிப்படையாகப் பேசுங்கள், பெற்றோருக்கு அதுதான் பிடிக்கும். பேசுகிறேன், கை தட்டுகிறார்கள்.

மேடம் மறுத்த அந்தக் கோடையில் மேடை ஏறியது நான்தான். நன்றாகவே பேசினேன். அதைச் சொல்லும் ஆசையோடு மாலையில் ஆய்வகத்துக்குப் போனேன். பம்மல்காரரின் மகன் எழுதியிருந்த நிரல் ஓட மறுத்துக்கொண்டிருந்தது. திரையருகே குனிந்து மேடமும் அவனும் பிழையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் எப்படிப் போயிற்று என்று மேடம் கேட்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து, எனக்கும் இடம் விட்டார்.