கொட்டாஞ்சேனையில் நான் வாசிக்க மறுத்த மன்றாட்டு

கொழும்பு கொட்டாஞ்சேனைச் செபக்கூட்டத்தில் நான் சண்டை பிடித்து வெளியேறியதாக வெள்ளவத்தையில் கதைக்கிறார்கள். பொய். கடைசி ஆமென் வரை இருந்தேன், தேநீரும் குடித்தேன்.

போன வெள்ளி மாலை ஐந்து மணி வழிபாட்டில் மன்றாட்டு வாசிக்கும் முறை என்னுடையது. கணவர் இறந்து கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு மாறிய பின்னும் அந்தப் பொறுப்பை நான் விடவில்லை. மூன்று மணிக்குக் காலி வீதியில் பஸ் ஏறினேன். புறக்கோட்டையில் வழக்கமான நெரிசல். அங்கிருந்து முச்சக்கரவண்டி, முந்நூறு ரூபாய். ஏறுமுன் விலை பேசிவிடுங்கள்.

மாளிகாவத்தைக்காரரான சாரதி வானொலியில் இஸ்ரேல் போர்ச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க எந்தப் பக்கம் மேடம்?”

“முதல்ல நீர் ரோட்டுக்கு இடப்பக்கமா ஓட்டும்.” சிரித்துவிட்டார்.

கோவிலில் எங்கள் குழுத் தலைவி பிலோமினா ஒரு தாளை நீட்டினார். அவரது மகள் இஸ்ரேலில் முதியோரைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறாள். ‘இஸ்ரேலுக்கு வெற்றி தாரும்’ என்று தாளில் எழுதியிருந்தது.

“இதை நான் வாசிக்கமாட்டன்.”

“ஏனக்கா? சங்கீதத்தில இஸ்ரேல் எண்டு எத்தினை தரம் பாடுறம்!”

“அது வேற, இண்டைக்குக் குண்டு போடுற அரசாங்கம் வேற. எங்கட ரெஜினாவின்ர தங்கச்சி லெபனானில வீட்டு வேலை செய்யிறாள். ரெஜினாவும் இதுக்கு ‘கேட்டருளும்’ எண்டு பதில் சொல்லவேணுமோ?”

பிலோமினாவின் கண் கலங்கியது. “அப்ப என்ர பிள்ளைக்கு என்ன நடந்தாலும் பரவாயில்லையோ?”

“அவளின்ர பேரைத்தான் முதல் வாசிப்பன்.”

வாசித்தேன். முதலில் அவள் பெயர். அடுத்து ரெஜினாவின் தங்கை பெயர். பிறகு இரு பக்கத்திலும் கொல்லப்பட்ட பிள்ளைகளுக்காகவும், கொல்லச் சொன்னவர்கள் நீதிக்குப் பதில் சொல்வதற்காகவும் மன்றாடினேன். கோவிலே அதிரப் பதில் வந்தது. முதல் பெயருக்குச் சொன்ன அதே சத்தத்தில் பிலோமினா இரண்டாம் பெயருக்கும் சொன்னார். நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் பக்கம் எடுக்காதவள் அல்ல. எவர் செய்தாலும் கொலையைக் கொலை என்பேன். ஆனால் ஓர் அரசின் வெற்றியைக் கடவுளிடம் கேட்கும்போது, மறுபக்கத்துத் தாயின் குரலைக் கேட்காதே என்று அவருக்கே சொல்கிறோம். இந்த நாட்டுப் போரில் சிப்பாயின் தாயும் எங்கள் தாய்மாரும் ஒரே சொரூபத்தின் முன் மெழுகுதிரி கொளுத்தியதைக் கண்டவர்கள் நாங்கள். எங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை போகிறவர்கள் நாலரைக்குள் போய்ச் சேருங்கள். பிந்தினால் மின்விசிறிக்குக் கீழ் இடம் கிடையாது.

செபக்குழுவின் செயற்குழுவுக்கு ஒரு கேள்வி: இனி எங்கள் கோவிலில் ஒரு நாட்டின் வெற்றிக்கான மன்றாட்டு வாசிக்கப்படுமா, இல்லையா? தொலைபேசியில் சொல்ல வேண்டாம். எழுத்தில் பதில் தாருங்கள்.